பயிர் வெளுத்தால் யூரியா மட்டும்தான் மருந்தா? கடலோர மண்ணில் நீரும் சத்தும் இலையும்

மார்கழி பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், மொளகா வெளுத்துக்கிட்டே வருது. ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா போடலாம்?" கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்தும் இதே கேள்வி. மண்டபம், திருப்புல்லாணி பக்கமிருந்தும் இதே கேள்வி. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுகிறவர்கள் மிளகாய்க்குப் பதில் மல்லிகை என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எத்தனை கிலோ" என்பதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆனால் இலை வெளுப்பதற்கு நம் மாவட்டத்தில் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் யூரியா மருந்து. மற்றவற்றுக்குப் போட்டால் பணம் வீண். சில சமயம் பயிரும் வீண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய ஒரு மிளகாய் வயலில் இலையை மட்டும் பார்த்துவிட்டு யூரியா சொன்னேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாளில் இலையோரமெல்லாம் கருகிவிட்டது. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து இலையைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பது என் வழக்கம்.

பயிரின் எடை மண்ணிலிருந்து வருவதில்லை

ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் பெல்ஜியம் நாட்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு சோதனை செய்தார். உலர்த்தி எடை போட்ட சுமார் 90 கிலோ மண்ணைத் தொட்டியில் நிரப்பி, இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 76 கிலோவாக வளர்ந்திருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவர் இறந்த பிறகு 1648-இல் அந்தக் குறிப்பு அச்சானது.

அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி காற்று. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. வேர் அனுப்பிய தண்ணீர் அங்கே காத்திருக்கிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து, இரண்டையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. நெல்மணி, மிளகாய்ச் சதை, தேங்காய்ப் பருப்பு, பருத்திப் பஞ்சு எல்லாம் இந்தச் சர்க்கரையிலிருந்து கட்டப்பட்டவைதான். ஒரு செடியைக் காயவைத்து எடை போட்டால் அதில் ஏறத்தாழ 95 சதவீதம் காற்றும் தண்ணீரும் தந்தது. மண் தந்தது ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான்.

அப்படியானால் உரம் எதற்கு என்று கேட்கலாம். அந்த ஐந்து சதவீதம்தான் தொழிற்சாலையின் இயந்திரம். தழைச்சத்து இல்லாமல் பச்சையமும் இல்லை, கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியும் இல்லை. இலையில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்கான உறுப்புகளில்தான் கிடக்கிறது. பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம். அந்தப் பச்சையம் உருவாகவே இரும்பு வேண்டும். பிடித்த வெயிலைச் செலவழிக்கும் சக்தியாக மாற்ற மணிச்சத்து. தண்ணீரைப் பிளக்க மாங்கனீசு. இலைத்துளையைத் திறந்து மூடும் சாவி சாம்பல் சத்து. இதில் எது குறைந்தாலும் இயந்திரம் அந்த அளவுக்கே ஓடும். இரும்பு குறைந்த செடிக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் இலை பச்சையாகாது.

திறந்தால் தண்ணீர் போகும், மூடினால் சாப்பாடு போகும்

நம் மாவட்டத்து விவசாயி முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது இந்த இலைத்துளையைத்தான். கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் ஒரே வாசல் வழியாக. காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவுதான். அதைப் பிடிக்கச் செடி வாசலை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலுக்குப் பறக்கும். நெல், மிளகாய், பருத்தி போன்ற பயிர்களில் ஒரு பங்கு கரியமில வாயுவைப் பிடிக்க நூற்றுக்கணக்கான பங்கு தண்ணீர் வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 97 சதவீதத்துக்கும் மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது.

கம்பு, சோளம், குதிரைவாலி ஆகியவற்றின் அமைப்பு வேறு. அவை குறைவாகத் திறந்த வாசலிலேயே கரியமில வாயுவைச் சேர்த்துப் பிடித்துவிடும். அதே எடைக்கு நெல்லுக்கு ஆகும் நீராவிச் செலவில் ஏறத்தாழ பாதிதான் அவற்றுக்கு. நம் தாத்தாக்கள் மேட்டு நிலத்தில் குதிரைவாலி விதைத்தது வெறும் பழக்கத்தால் அல்ல.

மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதும் இலை வாடுவதற்கு முன்பே வேர் ஒரு ரசாயனச் செய்தியை மேலே அனுப்புகிறது. துளைகள் மூடிக்கொள்கின்றன. நீங்கள் வயலில் வாட்டத்தைக் கண்ணால் பார்க்கும்போது பயிர் பல நாட்களாக அரைச் சாப்பாட்டில் இருந்திருக்கும். நல்ல ஈரம் இருக்கும் வயலிலும் கடும் வெயில் நாளில் உச்சிப் பொழுதில் துளைகள் ஓரளவு மூடும். ஈரம் குறைந்த வயலில் காலையில் கிடைக்கும் சில மணி நேரம்தான் செடியின் வேலை நேரம். அதனால்தான் தண்ணீரை மாலையில் கட்டுங்கள் என்கிறோம். இரவில் வேர் நிரப்பிக்கொண்டால் மறுநாள் காலை முழு வாசலும் திறக்கும்.

சாம்பல் சத்து இங்கேதான் கைகொடுக்கிறது. துளையைக் காக்கும் இரண்டு செல்களுக்குள் பொட்டாஷ் புகுந்தால் அவை தண்ணீரை இழுத்து உப்பித் துளை திறக்கும்; வெளியேறினால் தளர்ந்து மூடும். பொட்டாஷ் குறைந்த செடியில் இந்தக் கதவு சரியாகத் திறக்கவும் செய்யாது, சரியாக மூடவும் செய்யாது. மானாவாரி விவசாயி முதலில் குறைப்பது பொட்டாஷ் மூட்டையைத்தான், காரணம் போட்டதும் பச்சை தெரியாது. மானாவாரிக்குத்தான் அது அதிகம் தேவை.

யூரியாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரமுள்ள மண்ணில் அளவோடு போட்ட யூரியா நல்லது. காய்ந்த மண்ணின் மேல் தூவினால், அதுவும் கார நிலை கூடிய நம் கடலோர மண்ணில், அதன் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். ஒருவேளை செடி எடுத்துக்கொண்டாலும் இலைப்பரப்பு கூடும். இலை கூடினால் நீராவிச் செலவும் கூடும். கண்மாயில் தண்ணீர் இல்லாத தை மாதத்தில் செலவைக் கூட்டிவிடுவது புத்திசாலித்தனம் இல்லை.

ஒரு தண்ணீர் கட்டினால் அரை டன் உப்பு

இனி கடலோரத்தின் தனிப் பிரச்சினை. மண்ணில் ஈரம் இருந்தும் செடி தாகத்தில் நிற்கும். வேர் தண்ணீரை உறிஞ்ச வேண்டுமானால் வேரின் உட்புறம் மண்நீரைவிடச் செறிவாக இருக்க வேண்டும். மண்நீரில் உப்பு ஏறினால் அந்த வித்தியாசம் குறைந்து, தண்ணீர் உள்ளே வர மறுக்கிறது. காலில் ஈரம் ஒட்டும், செடி மட்டும் வாடும். அடுத்ததாக, பொட்டாஷுக்குப் பதில் சோடியம் வேருக்குள் நுழைகிறது. இலையில் சேர்ந்து ஓரத்தைக் கருக்குகிறது, பச்சையத்தைக் கெடுக்கிறது.

உங்கள் கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துத் திறன் 4 டெசிசைமன் என்று பரிசோதனை அறிக்கை சொன்னால் ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு தண்ணீருக்கும் 500 கிலோ உப்பை வயலில் இறக்குகிறீர்கள். செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை அங்கேயே விட்டுவிடும். பத்துத் தண்ணீர் கட்டினால் ஐந்து டன். உரக்கடையில் ஐந்து கிலோ கூடிப்போனதா என்று யோசிக்கிற நாம் இதை யோசிப்பதில்லை.

பயிர்களின் தாங்கும் சக்தியும் ஒன்றல்ல. மண்ணை நிறைகூழாக்கி எடுத்த சாற்றில் அளக்கும்போது மிளகாய் 1.5 டெசிசைமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 14 சதவீதம் போகும். அதாவது 4-ஐ எட்டிய மண்ணில் மிளகாய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நெல் 3 வரை தாங்கும், பிறகு அலகுக்கு 12 சதவீதம். பருத்தி 7.7 வரை கவலைப்படாது. ஒரே கிணறு, ஒரே தண்ணீர், பருத்திக்காரர் சிரிப்பார், மிளகாய்க்காரர் அழுவார். ஒரு எச்சரிக்கை: நம் மண் பரிசோதனை நிலையங்களில் பொதுவாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். அந்த எண் எப்போதும் குறைவாகவே வரும். அதை மேலே சொன்ன எண்களோடு நேராக ஒப்பிட்டு நிம்மதியடைய வேண்டாம். அந்த அறிக்கையில் 1-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால் மிளகாய் வைக்குமுன் யோசியுங்கள்.

உவர் வேறு, களர் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உவர் நிலத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், மண் பொலபொலவென்று இருக்கும். அதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான்: வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். ஜிப்சம் போட்டு எந்தப் பயனும் இல்லை. களர் நிலத்தில் கார அமில நிலை 8.5-ஐத் தாண்டியிருக்கும், சோடியம் மண்துகளோடு ஒட்டியிருக்கும், மழை பெய்தால் சேறு கலங்கி நிற்கும், காய்ந்தால் கல்லாக இறுகும். ஜிப்சம் அங்கேதான் வேலை செய்யும், அதுவும் பரிசோதனையில் சொன்ன அளவில், தண்ணீர் தேக்கி வடித்தால்தான். கடைக்காரர் சொன்னார் என்று உவர் நிலத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தீவின் கிணறு

இராமேசுவரம் தீவிலும் கரையோர மணல் பகுதியிலும் நல்ல தண்ணீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு ஏடு. பாலில் மிதக்கும் ஆடை போல. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசு என்பதால் மேலே நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசத்தைக் கணக்கிட்டால் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி இருக்கும் இடத்தில் கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் பயங்கரமானது. மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலேறிவிடும்.

ஆகவே இங்கே ஆழ்துளைக் கிணறு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அகலமான, ஆழமில்லாத கிணறுகள் இரண்டு மூன்று, சிறிய மோட்டார், மெதுவாக, இடைவெளி விட்டு இறைத்தல். பெரிய மோட்டார் வைத்து ஒரு மணி நேரத்தில் தோப்பை நனைத்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறவர் அடுத்த தலைமுறையின் கிணற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

மழை நிறையப் பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 827 மில்லிமீட்டர். 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏறக்குறைய அரை ஆண்டு மழை ஒரே நாளில். ஆனால் மணல் ஓர் அடி ஆழத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு ஈரத்தைத்தான் செடிக்காகப் பிடித்து வைக்கும். கரிசலும் கண்மாய் வண்டலும் ஐந்து சென்டிமீட்டர் வரை பிடிக்கும். மீதி கீழே இறங்கும் அல்லது கடலுக்கு ஓடும், போகும்போது நீங்கள் போட்ட தழைச்சத்தையும் பொட்டாஷையும் கழுவிக்கொண்டு போகும். மணலில் உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான்.

மணலின் குணத்தை மாற்ற நம்மிடம் உள்ள வழிகள் பழையவை: கண்மாய் வண்டல் அடிப்பது, ஆட்டுக்கிடை போடுவது, தென்னந்தோப்பில் மட்டையைப் புதைப்பது. தேங்காய் மட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுஉரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது பரிந்துரை. மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறைக்குக் குறையாமல் பிரித்து வையுங்கள். ஒரு பாளை உருவாகத் தொடங்கித் தேங்காயாக இறங்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும் மரம் அது. இந்த ஆண்டு வறட்சியில் தண்ணீர் காட்டாததற்கான தண்டனை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வரும். "போன வருஷம் மழை நல்லாத்தானே சார் பெஞ்சது, ஏன் காய் இல்லை?" என்ற கேள்விக்கு விடை அதற்கு முந்தின ஆண்டில் இருக்கிறது.

கடற்கரையில் ஒதுங்கும் பாசியைச் சிலர் நேராகத் தூரில் போடுகிறார்கள். அதில் பொட்டாஷ் உண்டு, உப்பும் உண்டு. ஒரு மழைக்காலம் குவித்து வைத்து உப்பு கழுவப்பட்ட பிறகு பயன்படுத்துங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையம் இந்தத் துறையில் நீண்டகாலம் வேலை செய்திருக்கிறது. கடற்பாசிச் சாறு இலைவழி தெளித்தால் பயிருக்கு ஊக்கம் கிடைக்கும். ஆனால் அது ஊக்கிதான். அதை மட்டும் நம்பி அடியுரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இலை எந்த இடத்தில் வெளுக்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வெளுத்த செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றைப் பாருங்கள்: வெளுப்பு கிழ இலையிலா, குருத்து இலையிலா?

செடி ஒரு குடும்பம் மாதிரி. தழைச்சத்து, பொட்டாஷ், மணிச்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். ஆகவே இவை குறைந்தால் அடி இலைதான் முதலில் காட்டும். அடி இலை முழுவதும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை. இதற்கு மட்டும், மண்ணில் ஈரம் இருந்தால் மட்டும், யூரியா. அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி மட்டும் வெளுத்தால் மெக்னீசியம். அடி இலையின் ஓரம் கருகினால் பொட்டாஷ் குறைவு அல்லது உப்பு. இரண்டையும் பிரித்தறியத் தண்ணீர்ப் பரிசோதனை தவிர வழியில்லை, ஏனென்றால் உப்பு செய்யும் முதல் வேலையே பொட்டாஷை உள்ளே விடாமல் தடுப்பதுதான். பயிர் குட்டையாகி இலை கரும்பச்சையாக, சில சமயம் ஊதா கலந்து நின்றால் மணிச்சத்தைச் சந்தேகியுங்கள்.

இரும்பை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது. போன இடத்திலேயே தங்கிவிடும். அதனால் குறைந்தால் குருத்து வெளுக்கும்: நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும், முற்றினால் இலை காகிதம் போல வெண்மையாகும். கடலோர மணலில் சிப்பி, கிளிஞ்சல் தூள் கலந்திருப்பதால் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது. தங்கச்சிமடம் மல்லிகை நாற்றிலும், கரையோர நிலக்கடலையிலும், புழுதி நாற்றங்காலிலும் காணும் வெளுப்பில் பெரும்பாலானது இதுதான். இதற்கு மண்ணில் அன்னபேதியைக் கொட்டுவது சுண்ணாம்புக்குத் தீனி போடுவது போல. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். நாற்றுக்கும் நிலக்கடலைக்கும் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மல்லிகைக்குப் பச்சை திரும்பும்வரை மாதம் ஒரு முறை.

நெல்லில் விதைத்த மூன்று நான்கு வாரத்தில் இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளிகள் வந்து பயிர் அடங்கி நின்றால் துத்தநாகப் பற்றாக்குறை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவுங்கள். டி.ஏ.பி. அல்லது சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்.

இன்னொரு வெளுப்பு கார்த்திகையில் வரும். தண்ணீர் தேங்கி நிற்பதால் வருவது. தண்ணீரில் மூழ்கிய மிளகாய் வேருக்கு மூச்சுவிடக் காற்று இல்லை. மூச்சில்லாத வேர் சத்தை இழுக்காது. தண்ணீரை வடித்து, கால் புதையாத பதம் வந்ததும் ஒரு களைக்கொத்து கொத்திவிடுங்கள். வேருக்குக் காற்று போன பிறகு இலைவழியாக 1 சத யூரியாக் கரைசல் தெளிக்கலாம். இலை சுருண்டு மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பேன். அது சத்துக் கதையே இல்லை.

இருப்பது ஒரே தண்ணீர் என்றால்

ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி மழையில் முளைப்பு, மார்கழியில் பொதி, தையில் அறுப்பு. நம் நெல்லின் கணக்கு இதுதான். மழை மார்கழி முதல் வாரத்தோடு நின்றுவிட்டால், கண்மாயிலோ பண்ணைக்குட்டையிலோ இருப்பது ஒரே ஒரு தண்ணீர் என்றால், எப்போது கட்டுவது? பலர் பயிர் சுருளத் தொடங்கிய உடனே, தூர் கட்டும் பருவத்திலேயே, பதறிக் கட்டிவிடுகிறார்கள். தூர் கட்டும்போது பட்ட வாட்டத்தை நெல் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பொதி தள்ளி, கதிர் வெளிவந்து, பூக்கும் அந்த இருபது நாளில் பட்ட வாட்டத்தை ஈடுகட்ட முடியாது. மகரந்தம் கெட்டு மணி பதராகும். ஆகவே பயிர் உயிரோடு தாக்குப்பிடிக்கும் நிலையில் இருந்தால், அந்த ஒரு தண்ணீரைப் பொதிப் பருவத்துக்குக் காத்திருந்து கொடுங்கள். கண்மாய்ப் பாசனத்தில் இது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவல்ல என்பது எனக்குத் தெரியும். மடை திறக்கும் நாளை ஊர்க்கூட்டத்தில் பேசும்போது வயலின் பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்.

காத்திருக்கும் நாட்களைத் தாண்ட 1 சத பொட்டாஷ் கரைசல் உதவும்: 200 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ். பி.பி.எஃப்.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசல் ஏக்கருக்கு 200 மில்லி தெளிப்பதும் வறட்சியைத் தாங்க உதவுகிறது. அதைப் பூச்சிக்கொல்லியோடு கலக்க வேண்டாம். எந்தத் தெளிப்பானாலும் உப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது. இரண்டு குடம் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினாலும் பரவாயில்லை.

இந்தப் போராட்டத்தில் பாதி விதைக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. விதைநெல்லை 1 சத பொட்டாஷ் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைத்தால் நாற்று வறட்சியை நன்றாகத் தாங்கும். ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுஉரத்தோடு சுமார் 60 கிலோ சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஒரு மாதம் நிழலில் மூடி வைத்து அடியுரமாக இட்டால், மணிச்சத்து மண்ணில் கட்டிப்போகாமல் வேருக்குக் கிடைக்கும். வேர் ஆழமாக இறங்கினால் மேல்மண் காய்ந்த பிறகும் குடிக்க ஈரம் இருக்கும். ரகத்தில் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 குறுகிய காலத்தில் வறட்சியைத் தாங்கி வரும். உவர் நிலத்துக்குத் திருச்சி ரகங்கள் உண்டு. நொறுங்கன், குழியடிச்சான், சித்திரைக்கார் வைத்திருப்பவர்கள் விளைச்சல் குறைவு என்று விதையைக் கைவிட்டுவிடாதீர்கள். மழை ஏமாற்றும் ஆண்டில் புது ரகம் பதராகும்போது அவை வீட்டுக்கு நெல் கொண்டுவரும்.

மிளகாய்க்குக் கணக்கு சற்று வேறு. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலையும் பெயரும் இருக்கும் பயிர் இது, ஆனால் உப்புக்கு மிகவும் பயந்த பயிரும் இதுதான். நல்ல தண்ணீர் கொஞ்சம், உவர்த் தண்ணீர் கொஞ்சம் இருந்தால், முளைப்புக்கும் இளஞ்செடிக்கும் பூக்கும் பருவத்துக்கும் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். காய் முற்றும் காலத்தில் உவர்த் தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலந்து கட்டலாம். பாத்தியின் உச்சியில் நடாமல் சரிவில் நடுங்கள், ஏனென்றால் உப்பு உச்சிக்குத்தான் ஏறும். பொட்டாஷைச் சல்பேட் வடிவில் கொடுத்தால் உப்புச் சுமையும் குறையும், பழத்தின் தரமும் கூடும். காயின் நுனி அழுகிக் கருத்தால் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை என்று பொருள். அது தண்ணீர் ஓட்டத்தோடு மட்டுமே நகரும் சத்து, ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுவிட்டுப் பெருந்தண்ணீர் கட்டாமல் சிறுசிறு தண்ணீராக அடிக்கடி கட்டுங்கள். அறுவடை முடிந்த நிலத்தைக் கோடையில் வெறுமனே போடக்கூடாது. ஒரு கோடை உழவு போட்டால் அடியிலிருந்து உப்பு மேலேறும் நுண்குழாய்கள் அறுந்துவிடும்.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, மாசியில் ஒன்று என இரண்டு முறை எடுத்தால்தான் உங்கள் கிணற்றின் உண்மையான குணம் தெரியும். மண்ணை வயலின் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். வரப்போரம், எருக்குழி அருகில், மரத்தடியில் எடுக்க வேண்டாம். உப்புப் பூத்த திட்டு இருந்தால் அதைத் தனிப் பையில் எடுத்து, எந்த மூலை என்று எழுதிவையுங்கள்.